ஏடு இருந்தும் கைக்கு எட்டாவிட்டால்?

மழையளவு, காற்றின் தரம், ஆற்றுநீரின் தன்மை ஆகியவற்றை மக்களின் வரிப்பணத்தில் அரசு அளக்கிறது. அளந்தது எல்லார் கைக்கும் எட்டுகிறதா? வகுப்பறையில் பேச வேண்டிய கேள்வி இது.

ஒரு நிகழ்வு

2017 ஜனவரி 20 அன்று அமெரிக்காவில் ஆட்சி மாறியது. ஏப்ரல் 28 அன்று, அந்நாட்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் இணையதளத்தில் இருந்த காலநிலை மாற்றப் பக்கங்கள் எடுக்கப்பட்டன. 'புதுப்பிக்கப்படுகிறது' என்ற அறிவிப்பே அங்கு இருந்தது. பழைய பக்கங்கள் அழியவில்லை. ஜனவரி 19 நிலவரப்படியான நகலை முகமையே வேறொரு முகவரியில் வைத்திருந்தது. ஆனால் வழக்கமான முகவரியில் தேடிவந்த ஆசிரியருக்கும் மாணவருக்கும் அவை கிடைக்கவில்லை. 2021 மார்ச்சில்தான் காலநிலை மாற்றத்துக்கான தளம் மீண்டும் வந்தது.

இப்படி நேரலாம் என்று அஞ்சி, 2016 டிசம்பரிலேயே அறிவியலாளர்களும் நூலகர்களும் மாணவர்களும் பல்கலைக்கழகங்களில் கூடி, அரசுத் தரவுகளை நகலெடுக்கத் தொடங்கியிருந்தனர். எங்கிருந்து, எப்போது எடுத்தது என்ற குறிப்பையும் சேர்த்தே வைத்தனர். குறிப்பில்லாத நகலை யார் நம்புவார்கள்?

வகுப்பறைச் செயல்பாடு (6 முதல் 9ஆம் வகுப்பு வரை)

1. கரும்பலகையில் '25' என்று மட்டும் எழுதுங்கள். இது வெப்பநிலையா, மழையளவா, வருகைப்பதிவா? மாணவர்கள் ஊகிக்கட்டும். பிறகு 'மழை, 25 மி.மீ., காலை 8.30, பள்ளி வளாகம்' என எழுதி, தேதியும் அளந்தவர் பெயரும் சேர்க்கச் சொல்லுங்கள். எண் எப்போது தகவலாகிறது என்பதை அவர்களே சொல்வார்கள்.

2. மேலிருந்து கீழ்வரை ஒரே அகலமுள்ள தட்டையான அடிப்பாகம் கொண்ட பாத்திரத்தைத் திறந்தவெளியில் வைத்து, ஒரு மாதம் நாள்தோறும் ஒரே நேரத்தில் மழையை அளந்து ஏட்டில் பதியட்டும். மழையில்லாத நாளுக்கு '0' எழுத வேண்டும், வெற்றிடம் விடக்கூடாது.

3. ஏட்டுக்கு இரண்டு நகல்கள் எடுத்து, ஒன்றை நூலகத்திலும் மற்றொன்றை வேறு வகுப்பிலும் வையுங்கள்.

4. மாத இறுதியில் வகுப்பு ஏட்டை எடுத்து வைத்துவிடுங்கள். இதில் பங்கேற்காத வகுப்பு மாணவர் ஒருவர், ஒரு குறிப்பிட்ட நாளின் மழையளவை ஐந்து நிமிடத்தில் கண்டுபிடிக்கட்டும். முடியவில்லையென்றால் எங்கே தடை? வகுப்பே விவாதிக்கட்டும்.

மதிப்பீடு

'தகவல் அழிந்துபோவதும், இருந்தும் கிடைக்காமல் போவதும் ஒன்றா?' மாணவர்கள் தம் அனுபவத்திலிருந்து பத்து வரிகள் எழுதட்டும்.

உயர்வகுப்புகளில் இதைத் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005 உடன் இணைக்கலாம். யாரும் கேட்பதற்கு முன்பே அரசு அலுவலகங்கள் தாமாக வெளியிட வேண்டிய விவரங்களை அதன் 4ஆம் பிரிவு பட்டியலிடுகிறது. ஒரு மாதம் ஏடு காத்த மாணவருக்கு அந்தப் பிரிவின் பொருளை நாம் விளக்க வேண்டியிராது.