போதை மீட்சியை முன்கூட்டிக் கணித்தல்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

நம்பிக்கை: மன உறுதி படைத்தவரே ஓபியாய்டு போதையிலிருந்து மீள்வர், மனச்சோர்வுற்றவருக்குச் சிகிச்சை பலிக்காது.

உண்மை: அபினியிலிருந்து கிடைக்கும் மார்பின், அதிலிருந்து உருவாக்கப்படும் ஹெராயின், இவற்றையொத்துச் செயல்படும் செயற்கை வலிநிவாரணிகள் ஆகியவை ஓபியாய்டுகள் எனப்படும். அமெரிக்காவில் மருத்துவர் எழுதித்தரும் வலிநிவாரணிகளுக்கு அடிமையான 653 பேரிடம் நடத்தப்பட்டு 2011இல் முடிவுகள் வெளியான ஆய்வில், மூளையின் ஓபியாய்டு ஏற்பிகளை ஓரளவு மட்டுமே தூண்டி ஏக்கத்தைத் தணிக்கும் பியூப்ரெனார்பின், ஓபியாய்டுகளின் விளைவைத் தடுக்கும் நாலக்சோனுடன் சேர்த்து அளிக்கப்பட்டது. அதன் தரவுகளைப் பின்னர் ஆராய்ந்தபோது, வாழ்நாளில் ஒருமுறையேனும் கடும் மனச்சோர்வு நோய்க்கு ஆளானவர்கள் மற்றவர்களைவிட நன்றாகத் தேறியிருந்தனர். நாட்பட்ட உடல்வலியும் தடையாக இருக்கவில்லை. முன்பு ஹெராயின் பயன்படுத்தியோருக்கு வாய்ப்பு குறைந்திருந்தது. ஆகவே சோர்ந்த முகத்தைக் கண்டு ஒருவரைக் கைவிடுவது பெருங்கொடுமை.

நம்பிக்கை: சில வாரங்கள் மருந்து கொடுத்து நிறுத்திவிட்டால், உண்மையில் திருந்தியவர் தாமே நிலைத்து நிற்பார்.

உண்மை: அதே ஆய்வில் 12 வாரச் சிகிச்சையின் இறுதியில் ஏறத்தாழ 49 விழுக்காட்டினர் நல்ல பலன் கண்டிருந்தனர், மருந்தைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்தி 8 வாரங்கள் கழிந்தபோது அது 9 விழுக்காட்டுக்கும் கீழே சரிந்தது. அம்மனிதர்களின் குணம் அதற்குள் மாறிவிடவில்லை, மருந்துதான் நின்றுபோயிருந்தது. மருத்துவரின் வழக்கமான கண்காணிப்போடு தனி ஆலோசனையும் பெற்றவர்களுக்கும் பெறாதவர்களுக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை. மருந்தை நிறுத்தியபின் உடலின் தாங்குதிறன் குறைந்துவிடுவதால், பழைய அளவையே மீண்டும் எடுப்பவர் மூச்சடங்கி இறக்கும் அபாயம் கூடுகிறது என்பதை நோயாளியின் குடும்பத்தார் அறிந்திருக்க வேண்டும்.

நம்பிக்கை: முதல் வாரங்களிலேயே தடுமாறுபவரை மேலும் வைத்திருப்பதில் பயனில்லை.

உண்மை: முதல் இரு வாரங்களிலும் ஓபியாய்டு எடுத்தவர்கள் 12ஆம் வாரத்தில் தேறியிருப்பது அரிது என்பது மெய்யே, ஆயினும் அது வெளியேற்றுவதற்கான காரணமன்று, மருந்தையும் அளவையும் மறுபடி நோக்கச் சொல்லும் அறிகுறியாகும். 1,267 பேர் பங்கேற்று 2014இல் வெளியான மற்றோர் ஆய்வில், ஏற்பிகளை முழுமையாகத் தூண்டும் மெத்தடோன் பெற்றவர்களில் 74 விழுக்காட்டினரும், பியூப்ரெனார்பின் பெற்றவர்களில் 46 விழுக்காட்டினரும் 24 வாரங்கள் சிகிச்சையில் நீடித்தனர். இரண்டிலும் அளவு கூடியவர்களிடையே அவ்விகிதம் உயர்ந்தது. நீடித்தவர்களுக்கே அளவை உயர்த்த வாய்ப்புக் கிட்டியது என்பதால் இதை மட்டும் கொண்டு முடிவு கட்டலாகாது. எனினும், போதிய அளவை மறுத்துவிட்டு நோயாளியைக் குறைகூறுவது நியாயமாகாது.

முதலில் சொன்ன ஆய்வின் 653 பேரில் ஒரு பகுதியினரை மூன்றரை ஆண்டுகளுக்குப் பின் தொடர்புகொண்டபோது, பத்தில் ஆறு பேர் முந்தைய மாதத்தில் ஓபியாய்டைத் தவறாகப் பயன்படுத்தாதிருந்தனர்; அவ்வாறு விலகியிருந்தோரின் விகிதம், அப்போதும் சிகிச்சை மருந்தை உட்கொண்டுவந்தவர்களிடையே கூடுதலாக இருந்தது.