தாது வருடப் பஞ்சமும் நமது தயக்கமும்

உடலில் பட்ட புண் ஆறிவிடும். ஒரு சமுதாயத்தின் உள்ளத்தில் பட்ட புண் எளிதில் ஆறுவதில்லை. தாது வருடப் பஞ்சமே இதற்குச் சான்றாகும்.

1876 முதல் 1878 வரை இப்பஞ்சம் சென்னை மாகாணத்தை வாட்டியது. தென்னிந்தியாவிலும் மேற்கிந்தியாவிலுமாக 50 லட்சத்திற்கும் மேற்பட்டோர் மாண்டனர் என்பர். 1877-இல் நிவாரண வேலை செய்த ஆடவருக்கு நாளொன்றுக்கு ஓர் இராத்தல் தானியமும் சிறிது காசுமே கூலி. துணி வாங்குவாரின்றி நெசவாளரும் பட்டினி கிடந்தனர்.

பிழைத்தவர்கள் கற்ற பாடம், "தெரிந்த தொழிலை விடாதே" என்பது. அன்று உயிர் காத்த பாடமே பின்னர் புதுவழிகளை அடைக்கும் தாழ்ப்பாளாயிற்று. ஆர்.கே.பேட்டையிலிருந்து நான் கல்லூரிக்குப் புறப்பட்டபோது, "படிப்பா சோறு போடும்? தறிதான் போடும்" என்றார் என் பாட்டி. அவர் அப்பஞ்சத்தைக் கண்டவரல்லர். முன்னோர் சொன்ன பஞ்சக் கதைகளைக் கேட்டு வளர்ந்தவர்.

இத்தகையோரைப் பழமைவாதிகள் என்று இகழ்வதால் பயனில்லை. வயிற்றின் அச்சம் தீர்ந்தால்தான் மனம் மாற்றத்தை ஏற்கும். காமராசர் காலத்து மதிய உணவு, 1982-இல் சத்துணவுத் திட்டமாக விரிந்தது. அந்தச் சோற்றுக்காகவே பள்ளி சென்ற என் தாயார், ஐந்தாம் வகுப்போடு தறிக்குத் திரும்பினார். நான் திரும்பவில்லை. இப்போது பாட்டியே கேட்கிறார்: "பரீட்சை எப்போது?"