தேய்வதற்கென்றே ஒரு புஷ்

எங்க அப்பா தச்சு வேலை செய்கிறார். கதவுப் பலகையை வழவழப்பாக்க பெல்ட் சாண்டர் மிஷின் வைத்திருக்கிறார். அதில் இரண்டு ரோலர்கள் மேல் உப்புத்தாள் பெல்ட் வேகமாக ஓடும். போன மாதம் பெல்ட் ஒரு பக்கமாகவே ஒதுங்கி, ஓரம் உரசிக் கிழிந்தது. மூன்று பெல்ட் வீண். "மிஷின் போச்சும்மா, புதுசுக்குக் கடன்தான் வாங்கணும்" என்றார் அப்பா.

அவர் பிளக்கைப் பிடுங்கி, பெல்ட்டைக் கழற்றியதும் நான் பின் ரோலரை ஆட்டிப் பார்த்தேன். டக் டக் என்று ஆடியது. "அப்பா, இது ஆடுதுப்பா" என்றேன். பிரித்துப் பார்த்தால் புஷ் தேய்ந்திருந்தது!

புஷ் என்றால் என்ன?

மோட்டார் சுற்றுவது பின் ரோலரைத்தான். எங்கள் மிஷினில் அந்த ரோலரின் ஷாப்ட் இரு பக்கமும் வளையம் போன்ற புஷ்ஷுக்குள் சுற்றுகிறது. ஷாப்ட் எஃகு, புஷ் வெண்கலம். வெண்கலம் மெதுவானது. அதனால் புஷ் தேயும், ஷாப்ட் தப்பிக்கும். ஒரு புஷ் அதிகம் தேய்ந்தால் ரோலர் சாயும், பெல்ட் ஒதுங்கும்.

இந்தப் புஷ் வெண்கலத் தூளை அழுத்திச் சுட்டுச் செய்தது. உள்ளே கண்ணுக்குத் தெரியாத துளைகள். சுமார் 5-ல் ஒரு பங்கு இடத்தில் எண்ணெய் இருக்கும். சுற்றிச் சூடானால் எண்ணெய் வெளியே வரும். நின்று ஆறினால் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுகிறதே, அதே நுண்புழை விதிதான்!

மாற்றும் முறை

1. முதலில் பிளக்கைப் பிடுங்க வேண்டும். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது.
2. பெல்ட், பக்க மூடி, ரோலர் என்று வரிசையாகக் கழற்ற வேண்டும்.
3. ஷாப்ட்டைத் தடவிப் பார்க்க வேண்டும். அதிலும் பள்ளம் இருந்தால் புதுப் புஷ் மட்டும் போட்டுப் பயனில்லை.
4. பழைய புஷ்ஷின் உள்துளை தேய்ந்திருக்கும். அதனால் உள் அளவை ஷாப்ட்டின் தேயாத இடத்தில் எடுக்க வேண்டும். நாம் படித்த வெர்னியர் அளவி இதற்குத்தான் உதவுகிறது!
5. புதுப் புஷ்ஷை எண்ணெயில் ஊறவைத்து, வைஸில் வைத்து நேராக அழுத்த வேண்டும். சுத்தியலால் அடித்தால் உடையும்.

கவனிக்க: கிரீஸ் தடவக்கூடாது, துளை அடைத்துவிடும். உள்ளே உப்புத்தாள் போட்டும் தேய்க்கக்கூடாது. மரத்தூள் எண்ணெயைக் குடித்துவிடும். தினமும் துடைக்க வேண்டும்.

எங்கள் மிஷினில் ஷாப்ட் நன்றாக இருந்தது. அப்பா இரண்டு புஷ் மாற்றினார். இப்போது பெல்ட் நடுவிலேயே ஓடுகிறது. கடனும் வாங்கவில்லை. "இனிமே நீ ஆட்டிப் பார்த்துச் சொன்னாத்தான் மிஷின் ஓடும்" என்று சிரிக்கிறார்.

சில டேபிள் பேனிலும் இதே புஷ் உண்டு. உங்க வீட்டுப் பேன் கடகடவென்று ஆடினால், பெரியவர்களிடம் சொல்லிப் பாருங்கள்.

– 9-ஆம் வகுப்பு மாணவி