ஐந்து நாள் காய்ச்சலை அசட்டை செய்யலாகாது

குழந்தைக்குக் காய்ச்சல் கண்டால், வியாபார அலுவலில், “நாளைக்குப் பார்ப்போம்” என்று நாம் தள்ளிப்போடுவதுண்டு. அவ்வாறு தள்ளத்தகாத காய்ச்சலும் ஒன்று இருக்கிறது.

1961-இல் தோக்கியோ நகரில் டாக்டர் தொமிசாக்கு கவாசாக்கி, நான்கு வயதுச் சிறுவனிடம் முன்னறியாத நோயொன்றைக் கண்டார். 1967-இல் 50 குழந்தைகளின் விவரங்களை வெளியிட்டார். அவர் பெயராலேயே வழங்கும் இந்நோய் இரத்தக் குழாய்களில் அழற்சியை உண்டாக்குவதாகும்.

ஐந்து நாள் நீடிக்கும் கடுங்காய்ச்சல், பீளையின்றிச் சிவந்த கண்கள், வெடித்த உதடு, செக்கச் சிவந்த நாக்கு, மேனியில் தடிப்பு, கைகால் வீக்கம், கழுத்தில் நெறிகட்டுதல் ஆகியவை அறிகுறிகள். எல்லாம் ஒருங்கே தோன்றவேண்டுமென்பதில்லை.

காரணம் என்ன? ஏதோ ஒரு கிருமி, பெரும்பாலும் வைரஸ், தொற்றியபின் உடலின் எதிர்ப்புச் சக்தி அளவுமீறிப் பொங்குவதாக இருக்கலாம் என அறிஞர் கருதுகின்றனர். இன்ன வைரஸ் என்று நிறுவப்படவில்லை. ஆயினும் 2020-இல், கொரோனா தொற்றிய குழந்தைகளுள் சிலருக்கு 2 முதல் 6 வாரங்களுக்குப் பின் இதையொத்த வேறோர் அழற்சி நோய் கண்டது, அக்கருத்துக்கு வலுவூட்டிற்று.

கவாசாக்கி நோய்க்குச் சிகிச்சை செய்யாவிடில், ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கு இருதய இரத்தக் குழாய் புடைத்துவிடும். பத்து நாட்களுக்குள் இம்யூனோகுளோபுலின் மருந்தை நரம்பு வழியே ஏற்றினால் அவ்வபாயம் இருபதில் ஒன்றாகக் குறைகிறது. டாக்டர் சொல்லாமல் ஆஸ்பிரின் கொடுக்கலாகாது.

வரவு செலவைத் தேதியிட்டு எழுதும் நாம், காய்ச்சல் தொடங்கிய தேதியையும் குறித்துவைத்து டாக்டரிடம் சொல்வோமாக.