மெஜஸ்டிக் பிள்ளைகள்: ஊர் சொல்வதும் உள்ளபடியும்

பெங்களூரு சிட்டி ரயில் நிலையம், எதிரே மெஜஸ்டிக் பேருந்து நிலையம், சற்றுத் தள்ளி கே.ஆர். மார்க்கெட், கலாசிபாளையம். இங்கெல்லாம் தனியாகத் திரியும் பிள்ளைகளில் தமிழ் பேசுகிறவர்களும் உண்டு. ஜோலார்பேட்டையில் பெங்களூரு வண்டியைப் பிடித்துவிட்டால் சில மணி நேரத்தில் இங்கே வந்து இறங்கிவிடலாம். 1980-ல் டான் பாஸ்கோ சபையில் குருத்துவப் படிப்பில் இருந்த சில இளைஞர்கள் இந்தத் தெருக்களுக்கு வந்து பிள்ளைகளோடு உட்கார்ந்து பேசத் தொடங்கினார்கள். பாஸ்கோ என்ற அமைப்பு அப்படித்தான் பிறந்தது. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டன. இந்தப் பிள்ளைகளைப் பற்றி ஊர் பேசுகிற பேச்சு மட்டும் அப்படியே இருக்கிறது. அவர்களுக்குக் கிடைக்க வேண்டிய மனநல உதவிக்கு முதல் தடை அந்தப் பேச்சுதான் என்று நான் நினைக்கிறேன்.

"வீட்டில் கோபித்துக்கொண்டு வந்திருப்பான். டிக்கெட் எடுத்து ஊருக்கு அனுப்பினால் சரியாகிவிடும்."

சிலருக்கு இது உண்மைதான். தேர்வில் மதிப்பெண் குறைந்ததற்குப் பயந்து ஓடிவந்த பையன் அம்மாவைப் பார்த்ததும் அழுதுகொண்டே கிளம்பிவிடுவான். ஆனால் உறவுக்காரர் ஒருவரின் பாலியல் தொல்லைக்குத் தப்பி ஓடிவந்தவனைக் கூட்டிப்போக அதே உறவுக்காரரே வந்து நிற்கும்போது என்ன செய்வது? பையன்களுக்கு அப்படியெல்லாம் நடக்காது என்று சொல்கிறவர்கள், மத்திய மகளிர், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2007-ல் வெளியிட்ட ஆய்வைப் பார்க்க வேண்டும். 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் கேட்டதில், பாதிக்கு மேற்பட்டோர் ஏதோ ஒரு வகைப் பாலியல் தொல்லைக்கு ஆளானதாகச் சொன்னார்கள். அவர்களில் 52.94 சதவீதம் பேர் ஆண் பிள்ளைகள். தெருவில் வாழும் பிள்ளைகளும் அந்த ஆய்வில் இருந்தார்கள்.

இதனால்தான் 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம் அவசரப்படுவதில்லை. பிள்ளையை 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவின் முன் கொண்டுவர வேண்டும். பிறகு குடும்பச் சூழல் பற்றிய விசாரணைக்கு 15 நாள் அவகாசம். அந்த விசாரணையில் பிள்ளையின் வாயால் அவன் கதையைக் கேட்பதுதான் உயிரான பகுதி. அது அவனுடைய மொழியில் நடக்க வேண்டும். கன்னடம் தெரியாத தருமபுரிப் பையனிடம் கன்னடத்தில் கேட்டுவிட்டு, "பதில் சொல்ல மறுக்கிறான்" என்று கோப்பில் எழுதினால் அது பெரிய அநியாயம். எந்தக் காரணத்துக்காக ஓடினானோ அது வீட்டிலேயே இருந்தால், அனுப்பிவைத்த பிள்ளை மறுபடியும் ரயில் ஏறுவான்.

"சொல்யூஷன் முகர்கிறவன் திமிர் பிடித்தவன். நாலு போட்டால் விட்டுவிடுவான்."

இந்த நம்பிக்கை உயிரையே வாங்கக்கூடியது. பஞ்சர் ஒட்டும் சொல்யூஷன், ஒயிட்னர், தின்னர் போன்றவற்றில் டொலுயீன் போன்ற கரைப்பான்கள் இருக்கின்றன. முகர்ந்த சிறிது நேரத்திலேயே பசி மங்கும், குளிர் உறைக்காது, பயம் விலகும். மார்கழி இரவில் பெங்களூரு நடைமேடையில், யார் வந்து எழுப்புவார்களோ என்ற பயத்தோடு படுத்திருக்கும் பன்னிரண்டு வயதுப் பையனுக்கு இந்த மூன்றும் என்னவென்று யோசித்துப் பாருங்கள். அவனுக்கு அது சோறும் போர்வையும் காவலும். அவற்றுக்கு மாற்று எதுவும் தராமல் சொல்யூஷன் நனைத்த துணியை மட்டும் பிடுங்கினால் வேறு துணியைத் தேடிக்கொள்வான்.

அடிப்பதைவிட ஆபத்தானது துரத்துவது. இந்தக் கரைப்பான்கள் இதயத்தை அட்ரினலினுக்கு அளவுக்கு மீறி எதிர்வினை செய்யவைக்கும். அந்த நிலையில் திடுக்கிட்டாலோ தலைதெறிக்க ஓடினாலோ இதயத் துடிப்பு தாறுமாறாகி அப்போதே உயிர் போகலாம். முதல் தடவை முகர்ந்தவனுக்குக்கூட இது நேரலாம். ஆகவே லத்தியோடு விரட்டுவதை ரயில்வே போலீஸ்காரரும் கடைக்காரரும் இன்றே நிறுத்த வேண்டும். குரலை உயர்த்தாமல் காற்றோட்டமான இடத்தில் உட்காரவைத்து, மயங்கினால் ஆம்புலன்ஸை அழைப்பதுதான் முறை.

எய்ம்ஸ் நடத்திய நாடளாவிய ஆய்வு 2019-ல் வெளிவந்தது. அதன்படி பெரியவர்களைவிடச் சிறுவர்களிடம் அதிகம் காணப்படும் போதைப் பழக்கம் இந்த முகரும் வகை ஒன்றுதான்: 10 முதல் 17 வயதுள்ளோரில் 1.17 சதவீதம், பெரியவர்களில் 0.58 சதவீதம். பாட்டில் ஒயிட்னர் விற்பனைக்கு 2012-லேயே மத்திய அரசு தடை போட்டது. பஞ்சர் கடைகளை மூட முடியாது. தடையைத் தாண்டிய வேலை நம் கையில்தான் இருக்கிறது.

"ஒரு கவுன்சலரை வைத்து நல்ல புத்தி சொன்னால் போதும்."

பிள்ளைகள் இல்லங்களை நடத்துகிற நல்ல மனிதர்கள்கூட இதை நம்புகிறார்கள். நிம்ஹான்ஸ் மருத்துவமனையின் சிறார் மனநலப் பிரிவு 2014 முதல் கர்நாடக அரசின் ஆதரவோடு சமூகத்துக்குள் இறங்கி வேலை செய்திருக்கிறது. 2020-ல் மத்திய அரசின் துணையோடு சம்வாத் என்ற அமைப்பும் அங்கே உருவானது. அவர்கள் பிள்ளைகளைப் புரிந்துகொள்ளச் சொல்லித்தரும் வரிசை எளிமையானது: பிள்ளை இருந்த சூழல், அங்கே அவனுக்கு நேர்ந்த அனுபவம், அதிலிருந்து அவனுக்குள் எழுந்த குரல், கடைசியாகத்தான் நடத்தை. நாமோ கடைசியில் இருப்பதை மட்டும் பார்த்துவிட்டு அதட்டுகிறோம்.

இல்லத்துக்கு வந்த பையன் ஒருவன் சமையலறையில் ரொட்டி திருடித் தலையணைக்கடியில் வைக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். "திருடக் கூடாது" என்ற பாடத்தால் ஒன்றும் ஆகாது. நாளைக்குச் சோறு கிடைக்காது என்று அவனுக்குள் ஒரு குரல் சொல்லிக்கொண்டே இருக்கிறது. இரவில் எப்போது வந்து கேட்டாலும் ரொட்டி உண்டு என்று சமையல்கார அம்மா சொல்லி, சொன்னபடியே கொடுத்தும் வந்தால் அந்தக் குரல் மெல்ல அடங்கும். இங்கே சிகிச்சை செய்தவர் யார்? வாரத்துக்கு ஒரு மணி நேரம் வந்துபோகும் கவுன்சலரைவிட, இரவுக் காவலரும் சமையல்காரரும் வார்டனும்தான் பிள்ளையோடு அதிக நேரம் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பயிற்சி, மாதந்தோறும் வழிகாட்டுதல், நாள் முழுதும் பிறர் துயரத்தைக் கேட்டுச் சோர்ந்துபோகிற அவர்களுக்கே ஓய்வு, ஒழுங்கான சம்பளம். இந்தச் சேவைகளுக்குத் தலைமை தாங்குகிறவர் முதலில் கவலைப்பட வேண்டியது இவற்றைப் பற்றித்தான். புதிய கட்டிடம் பிறகு வரட்டும்.

"செத்துப்போகிறேன் என்பது சும்மா மிரட்டல். அதைப் பற்றிக் கேட்டால் இன்னும் தூண்டிவிடும்."

இரண்டும் தவறு. தற்கொலை எண்ணம் இருக்கிறதா என்று நேரடியாக, நிதானமாகக் கேட்பது அந்த எண்ணத்தை விதைப்பதில்லை என்று உலக சுகாதார நிறுவனமே சொல்லியிருக்கிறது. கேட்டுவிட்டு, தனியே விடாமல் கூடவே இருந்து உதவிக்கு அழையுங்கள். அரசின் தொலைபேசி வழி மனநல உதவியான டெலி மானஸ் சேவையின் எண் 14416. 2022 அக்டோபர் முதல் இயங்குகிறது. தமிழிலும் பேசலாம், கட்டணம் இல்லை.

"ஆதார் இல்லாத, காசில்லாத பிள்ளைக்கு யார் வைத்தியம் பார்ப்பார்கள்?"

2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 18-ஆம் பிரிவு, வீடற்றவருக்கும் ஆதரவற்றவருக்கும் அரசு நடத்தும், அரசு நிதி பெறும் மனநல நிலையங்களில் இலவச சிகிச்சையை உரிமையாகவே தந்திருக்கிறது. வறுமைக்கோட்டு அட்டை இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான். சீட்டு எழுதும் இடத்தில் அட்டை கேட்டால் இந்தப் பிரிவைச் சொல்லிக் கேளுங்கள்.

"பதினெட்டு முடிந்துவிட்டது. இனி அவன் பாடு."

நம் வீட்டுப் பிள்ளைக்கு நாம் இப்படிச் சொல்வதில்லை. கல்லூரி, வேலை, கல்யாணம் வரை கூடவே நிற்கிறோம். இல்லத்தில் வளர்ந்தவனுக்கு மட்டும் பிறந்தநாளன்று உறவு, கூரை, மருத்துவர் மூன்றும் ஒன்றாக அறுந்துபோகின்றன. சிறார் மனநலப் பிரிவில் அவனைத் தெரிந்தவர்கள் இருந்தார்கள். பெரியவர்கள் பிரிவில் முதலிலிருந்து கதை சொல்ல வேண்டும். பலர் போவதே இல்லை.

சட்டம் இங்கேயும் கைவிடவில்லை. இளைஞர் நீதிச் சட்டத்தின் 46-ஆம் பிரிவும் அதன் விதிகளும் 21 வயது வரை, தேவைப்பட்டால் 23 வரை பின்பராமரிப்புக்கு இடம் தருகின்றன. மிஷன் வாத்சல்யா திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய் உதவித்தொகை உண்டு. பெங்களூரில் அந்தத் தொகை தங்கும் இடத்துக்கே போதாது. அதை உயர்த்த வேண்டும் என்று கேட்பது நியாயம். ஆனால் பணத்துக்கு முன்னால் ஓர் ஆள் வேண்டும். உங்களுக்குத் தெரிந்த இல்லம் எதுவானாலும் அதன் கண்காணிப்பாளரிடம் இதைக் கேளுங்கள்: இந்த ஆண்டு பதினெட்டு நிறைகிறவர்கள் யார் யார், அவர்கள் ஒவ்வொருவரோடும் பெரியவர்கள் பிரிவின் முதல் சந்திப்புக்குக் கூடப் போகப்போகிறவர் யார்? பெயர் சொல்ல முடியாவிட்டால், அந்த வேலையை ஏற்க உங்களாலோ உங்கள் சங்கத்தாலோ முடியுமா என்பது அடுத்த கேள்வி.