டால்பினை எழுப்பப் போகும் மகளுக்கு

அருப்புக்கோட்டை

அன்புள்ள மகளுக்கு,

பெரியப்பா எழுதிக்கொள்வது. திருச்சுழி ரோட்டுப் பஞ்சுக் கிட்டங்கியில் கிடந்த டால்பின் காரை நீ பேசி முடித்துவிட்டதாக உன் அப்பா போனில் சொன்னான். "இவளுக்கு எதுக்குண்ணே இந்த வேலை" என்று புலம்பவும் செய்தான். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பிள்ளைகள் கையில் அழுக்குப்படுகிற மாதிரி ஒரு வேலையை இழுத்துப் போட்டுக்கொள்ள வேண்டும் என்று நினைக்கிறவன் நான். ஆனால் நீ அனுப்பிய செய்தியில் முதல் கேள்வியே, "என்ன கலர் அடிக்கலாம் பெரியப்பா?" என்று இருந்தது. அதனால்தான் போனில் முடிக்காமல் உட்கார்ந்து எழுதுகிறேன். கலரை இப்போது மறந்துவிடு. அது கடைசி வேலை.

வாங்கியிருப்பது என்ன வண்டி என்று முதலில் தெரிந்துகொள். நீ வேலை பார்க்கிற பெங்களூரில் பிறந்ததுதான். இதைச் செய்த சிபானி கம்பெனிக்கு முந்தி சன்ரைஸ் என்று பெயர். எழுபதுகளில் பாதல் என்ற மூன்று சக்கர ஃபைபர் காரைச் செய்து விற்றவர்கள் அவர்கள். 1982-ல் இங்கிலாந்தின் ரிலையண்ட் கம்பெனியுடைய கிட்டன் காரை அடிப்படையாக வைத்து டால்பினை இறக்கினார்கள். 848 சிசி, நான்கு சிலிண்டர், அலுமினிய எஞ்சின், இரண்டு கதவு. எடை குறைவு என்பதால் சோழவரம் ரேஸில் அதை விரும்பி ஓட்டினார்கள். 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது, சனங்கள் அந்தப் பக்கம் போய்விட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனாலும் கண்ணாடி நாரையும் ரெசினையும் வைத்து ஒரு சின்னக் கம்பெனி நம் நாட்டு ரோட்டில் கார் ஓட்டிக் காட்டியதே, அது பெரிய காரியம். அந்த மரியாதையோடு வண்டியில் கை வை.

ஃபைபர் துருப்பிடிக்காது, கறையான் அரிக்காது. அதனாலேயே ஆளை ஏமாற்றும். தகர வண்டி என்றால் கதவடியில் பெயிண்ட் உப்பிக்கொண்டு வரும், குத்திப் பார்த்தால் ஓட்டை தெரியும். வண்டியே தன் நோயைச் சொல்லிவிடும். ஃபைபர் வண்டி சொல்லாது. மேலே உடம்பு புதுசு போல நிற்கும், கீழே அதைத் தாங்குகிற இரும்பு சேஸ் உதிர்ந்துகொண்டிருக்கும். பட்டி பார்த்துப் பளபளவென்று பெயிண்ட் அடித்து ரோட்டில் விட்டால் முதல் பள்ளத்தில் கதை தெரியும்.

நம் பக்கம் வறண்ட பூமிதானே, துரு எப்படி வரும் என்று கேட்பாய். கிட்டங்கித் தரை கரிசல். ஐப்பசி, கார்த்திகை மழையைக் குடித்துவிட்டால் அந்த மண் ஈரத்தை லேசில் விடாது. டயர் காற்றிறங்கி ரிம்மே மண்ணில் புதைந்திருப்பதை உன் போட்டோவில் பார்த்தேன். அப்படியானால் சேஸ் தரைக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் எத்தனையோ மழைக்காலம் அந்த ஈரத்தை வாங்கியிருக்கிறது.

அதனால் முதலில் பாடியைச் சேஸிலிருந்து பிரித்துத் தூக்கு. சீட்டு, கண்ணாடி, கதவெல்லாம் கழற்றிவிட்டால் கிரேன் வேண்டாம், ஆள் பிடித்தே தூக்கிவிடலாம். தூக்குவதற்கு முன் கதவு வாசல்களுக்குக் குறுக்கே சட்டம் கொடுத்துக் கட்டு, இல்லாவிட்டால் பாடி முறுக்கிக்கொள்ளும். இறக்கி வைக்கிற இடமும் சமமாக இருக்க வேண்டும். கோணலாக மாசக்கணக்கில் உட்கார்ந்த ஃபைபர் அந்தக் கோணலையே பழகிக்கொள்ளும், பிறகு கதவு பொருந்தாது.

சேஸைச் சுத்தியலால் நெடுகத் தட்டு. கணீர் என்ற இடம் நல்ல இரும்பு, சத்தம் செத்துப்போன இடம் வெட்ட வேண்டிய இடம். பாடி போல்ட்டுகள் ஏறுகிற தாங்கிகளைத்தான் அதிகம் கவனிக்க வேண்டும். இரும்பும் ஃபைபரும் சேருகிற அந்த இடுக்கில்தான் மண்ணும் தண்ணீரும் தங்கும். வெல்டரிடம் விடும்போது நீயும் கூடவே நில். சேஸ் நம்பர் குத்தியிருக்கிற இடத்தில் கிரைண்டர் படவே கூடாது என்று சாக்பீஸால் வட்டம் போட்டுக் காட்டு. அந்த நம்பர் போய்விட்டால் வண்டியே சட்டப்படி இல்லாததாகிவிடும்.

இனி என் தொழில். மூக்கையூர்ப் பக்கம் படகுப் பட்டறையில் என் பாதி ஆயுள் போனது உனக்குத் தெரியும். 2004 சுனாமிக்குப் பிறகு கடற்கரை முழுக்கக் கட்டுமரம் குறைந்து ஃபைபர் படகு பெருகிய காலம் அது. அங்கே கற்றதைத்தான் சொல்கிறேன்.

பாடி முழுவதையும் ஒரு ரூபாய் நாணயத்தால் தட்டிக்கொண்டே போ. நல்ல இடத்தில் சத்தம் கூர்மையாக வரும். 'பொத்' என்று விழுந்தால் உள்ளே கண்ணாடி நார் மேட் அடுக்கு பிரிந்திருக்கிறது என்று அர்த்தம், அல்லது பழைய ஆள் யாரோ பட்டியை அப்பிவைத்துப் போயிருக்கிறார். இரண்டையும் பென்சிலால் குறித்து வை. பெயிண்டை எடுக்க ரிமூவர் ஊற்றாதே, அது ரெசினையும் இளக்கிவிடும். மணல் அடிக்கவும் விடாதே. உப்புத்தாளும் பொறுமையும் போதும். கொளுத்தும் வெயிலில் கிடந்திருந்தால் ஜெல்கோட் என்கிற மேல்பூச்சு சுண்ணாம்பாய் விரலில் ஒட்டியிருக்கும். கிட்டங்கிக் கூரை அந்த ஒரு நன்மையைச் செய்திருக்கிறது.

வெடிப்பு கண்ட இடத்தில் மேலே பட்டி பூசி மறைக்கிறது வேலை ஆகாது. வெடிப்பை இரண்டு பக்கமும் சரிவாகத் தேய்த்து அகலமாக்கு. பின்பக்கமிருந்து, சதுர மீட்டருக்கு 450 கிராம் எடையுள்ள மேட்டை, ஒன்றைவிட ஒன்று அகலமாக இருக்கும்படி அடுக்கடுக்காகக் கொடு. மேட்டின் எடைக்கு இரண்டு, இரண்டரை மடங்கு ரெசின் போகும். நம் தெருவில் விடியற்காலை நெசவுக்குப் பாவு நீட்டிக் கஞ்சி போடுவதைச் சின்ன வயதில் வேடிக்கை பார்த்திருக்கிறாய். ஒவ்வொரு இழையிலும் கஞ்சி ஏற வேண்டும், சொட்டவும் கூடாது. மேட்டுக்கு ரெசின் ஊட்டுவதும் அதே கணக்குதான். வெள்ளையாக இருந்த மேட் கண்ணாடி போலத் தெளிந்து வரும். அப்போது ரோலரை உருட்டிக் காற்றுக் குமிழியை ஓரத்துக்குத் தள்ளு. குமிழி நின்ற இடம் நாளைக்கு மறுபடி வெடிக்கும். சில இடத்தில் எப்பாக்சி ரெசின் நன்றாகப் பிடிக்கும் என்பார்கள், உண்மைதான். ஆனால் எப்பாக்சி இறுகிய இடத்தின் மேல் சாதா பாலியெஸ்டர் ரெசின் சரியாக ஒட்டாது. ஒரு இடத்தில் எதைத் தொடங்கினாயோ அதிலேயே அந்த இடத்தை முடி.

இதைக் கவனமாகப் படி. ரெசினை இறுகவைக்க ஊற்றுகிற கோபால்ட்டையும் ஹார்டனரையும் ஒருபோதும் நேரடியாகச் சேர்க்காதே. கோபால்ட்டை ரெசினில் ஊற்றி நன்றாகக் கலக்கிய பிறகுதான் ஹார்டனர். இரண்டும் தனியாகச் சந்தித்தால் தீப்பிடிக்கும், வெடிக்கும். ஒரு பட்டறையில் பையன் ஒருவன் ஒரே குவளையில் இரண்டையும் அளந்ததையும், பிறகு அவன் கையையும் நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். இரண்டு பாட்டிலையும் ஒரே அலமாரியில்கூட வைக்காதே. ரெசின் வாடைக்கு வேதிவாயு வடிகட்டுகிற மாஸ்க் வேண்டும், துணியைக் கட்டிக்கொள்வது போதாது. தேய்க்கும்போது முழுக்கைச் சட்டை போடு. கண்ணாடித் தூள் உடம்பில் பட்டால் சொறியாமல் முதலில் பச்சைத் தண்ணீரில் கழுவு, வெந்நீர் வேண்டாம்.

காலமும் பார்க்க வேண்டும். சித்திரை மத்தியானத்தில் ஹார்டனர் ஊற்றினால் ரெசின் குவளையிலேயே இறுகிப் புகைய ஆரம்பிக்கும். ஐப்பசி, கார்த்திகையில் காற்றில் ஈரம், அப்போதும் வேண்டாம். தை, மாசியில் பனி காய்ந்த பிறகு காலை வேளைதான் இந்த வேலைக்கு ஏற்றது. அந்தந்த நாளைக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவு மட்டும் கலக்கு.

எஞ்சினைப் பற்றி ஒரு விஷயம்தான் சொல்வேன், மற்றதை மெக்கானிக் பார்த்துக்கொள்வார். அலுமினிய பிளாக், உள்ளே தண்ணீர் நேரே படும்படி நிற்கிற சிலிண்டர் லைனர்கள். நம் ஊர் போர்த் தண்ணீர் உப்பு. அதை ரேடியேட்டரில் ஊற்றினால் அலுமினியத்தை அரித்து, சேறு கட்டி, சூடேறிப் படுத்துவிடும். பேட்டரிக்கு ஊற்றுகிற சுத்தத் தண்ணீரும் கூலண்டும் தவிர வேறெதுவும் உள்ளே போகக் கூடாது, பாதி வழியில் நின்றாலும்கூட. உதிரிபாகத்துக்குக் கவலைப்படாதே. ரிலையண்ட் ராபின் என்ற மூன்று சக்கர வண்டியிலும் இதே 848 எஞ்சின் உண்டு, இங்கிலாந்தில் இன்னும் அதை ஆசையாக ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள்.

வயரிங்கில் எல்லோரும் தடுமாறுகிற இடம் எர்த். தகர வண்டியில் பாடியே எர்த். ஃபைபரில் மின்சாரம் ஓடாது, அதனால் ஒவ்வொரு விளக்குக்கும் சேஸ் வரைக்கும் தனி எர்த் வயர் போக வேண்டும். லைட் மங்கினால் பல்பை மாற்றுவதற்கு முன் அந்த வயரின் நுனியைச் சுரண்டிப் பார். கிட்டங்கி எலி எதை விட்டுவைத்திருக்கிறதோ தெரியாது, பழைய வயரை நம்பாமல் முழுவதும் புதிதாகப் போட்டுவிடு.

நீ அனுப்பிய கனடா கேரவன் படத்தையும் பார்த்தேன். முட்டை போல அழகாக இருக்கிறது. அது போலர், வின்னிபெக்கில் ரே ஒலெக்கோ 1968-ல் கொண்டுவந்தது. மேல் ஓடு, கீழ் ஓடு என்று இரண்டு ஃபைபர் பாதிகளை இடுப்பில் சேர்த்திருக்கிறார்கள், கூரையில் மூட்டே இல்லை. மரச்சட்ட கேரவன்கள் மூட்டு ஒழுகி உளுத்துப்போன பிறகும் இவை ஓடுவது அதனால்தான். ஆனால் பழைய போலர் வாங்குகிறவர்கள் முதலில் அடியில் படுத்து இரும்பு ஃபிரேமில் வெடிப்பு இருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள். பிறகு ஜன்னல் ரப்பர் வழியாக ஒழுகித் தரைப் பலகை இற்றிருக்கிறதா என்று. அந்த நாட்டிலும் ஃபைபருக்கு இதே சங்கதிதான். டால்பினுக்குப் பின்னால் ஒரு கேரவனைக் கட்டி இழுக்கும் உன் ஆசையை மட்டும் விட்டுவிடு பாப்பா. 848 சிசியை அதற்கு வருத்தக் கூடாது.

காகிதத்தைப் பற்றி உன் அப்பா கேட்கச் சொன்னான், அது நியாயமான கவலை. தனியார் காருக்குப் பதிவு 15 வருடம், அதன் பிறகு ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டும். 2021-ல் வந்த விண்டேஜ் விதி 50 வயது கடந்த வண்டிக்குத்தான், உன் வண்டிக்கு இன்னும் அந்த வயது ஆகவில்லை. அதனால் கிட்டங்கிக்காரரிடம் மீதிப் பணத்தைக் கொடுக்கும் முன் ஆர்சி புக்கைக் கையில் வாங்கு. அவர் பெயரிலேயே இருக்கிறதா, இறந்துபோன யார் பெயரிலாவது நிற்கிறதா என்று பார். வாரிசுப் பெயர் மாற்றம் என்றால் ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு அவரும் கூட வருவதாக எழுதி வாங்கிக்கொள். பொங்கல் லீவுக்கு நீ வரும்போது ஒரு டார்ச்சும் கம்பி பிரஷும் எடுத்துக்கொண்டு இருவரும் கிட்டங்கிக்குப் போய், புக்கில் உள்ள சேஸ் நம்பரும் இரும்பில் உள்ள நம்பரும் ஒன்றுதானா என்று பார்த்துவிடுவோம். அதுவரை அட்வான்ஸுக்கு மேல் ஒரு ரூபாயும் கொடுக்காதே.

அன்புடன்,
பெரியப்பா