தலைக்கவசத்தைக் கழற்றிய விஞ்ஞானி: ‘பிரொமீத்தியஸ்’ படத்தை எப்படித் திருத்தியிருக்கலாம்?

மாணவர்களே, உங்கள் பள்ளி அறிவியல் கூடத்தின் சுவரில் ஒட்டியிருக்கும் விதிமுறைகளை நினைத்துப் பாருங்கள். முன் பின் தெரியாத இரசாயனத்தை முகர்ந்து பார்க்காதே, சுவைத்துப் பார்க்காதே, ஆசிரியர் அனுமதியின்றித் தொடாதே. முதல் நாள் பாடத்திலேயே இவற்றைச் சொல்லிக் கொடுத்து விடுவார்கள். இந்த மூன்று விதிகளையும் மறந்து போன விஞ்ஞானிகள் 327 டிரில்லியன் கிலோமீட்டர் பயணம் செய்து ஓர் அந்நிய உலகில் இறங்கினால் என்ன ஆகும்? 2012-இல் வெளிவந்த ‘பிரொமீத்தியஸ்’ அப்படிப்பட்ட ஒரு படம்.

ரிட்லி ஸ்காட் 1979-இல் இயக்கிய ‘ஏலியன்’ படத்தின் முன்கதையாக இது வந்தது. வசூலில் தோற்கவில்லை. காட்சி விளைவுகளுக்காக ஆஸ்கர் பரிந்துரையும் பெற்றது. ஆனாலும் ‘ஏலியன்’ இரசிகர்கள் பலர் ஏமாற்றத்தோடுதான் திரையரங்கை விட்டு வெளியே வந்தார்கள். காரணம் என்ன? அறிவியல் பாடத்தின் வழியாகவே விடை தேடுவோம். (இரண்டும் பெரியவர்களுக்கான பயங்கரக் காட்சிகள் கொண்ட படங்கள். அவற்றைப் பார்க்காதவர்களுக்கும் இக்கட்டுரை புரியும்.)

கதைச் சுருக்கம்

2089-ஆம் ஆண்டு. பூமியின் பல பழங்கால ஓவியங்களில் ஒரே விண்மீன் கூட்டம் வரையப்பட்டிருப்பதை எலிசபெத் ஷா, சார்லி ஹாலோவே என்ற இரு ஆய்வாளர்கள் கண்டறிகிறார்கள். மனித இனத்தைப் படைத்தவர்கள் அங்கே இருக்கலாம் என்று நம்பி, 17 பேர் கொண்ட குழு எல்வி-223 என்ற துணைக்கோளுக்குச் செல்கிறது. டேவிட் என்ற மனித உருவ இயந்திரமும் உடன் செல்கிறது. அங்கே ‘பொறியாளர்கள்’ என்று அழைக்கப்படும் இராட்சத மனிதர்களின் உடல்களும், கறுப்புத் திரவம் நிறைந்த கலன்களும் கிடைக்கின்றன. அதன் பிறகு அழிவு தொடங்குகிறது.

நல்ல கதைதான். சறுக்கல் எங்கே?

முதல் சறுக்கல்: கழற்றப்பட்ட தலைக்கவசம்

அந்தத் துணைக்கோளின் காற்றில் கரிவளி 3 விழுக்காட்டுக்கு மேல் உள்ளது. கவசமின்றி வெளியே நின்றால் இரண்டு நிமிடத்தில் மரணம் என்கிறார்கள். இதுவே மிகைதான். பூமியின் காற்றில் கரிவளி ஏறத்தாழ 0.04 விழுக்காடு. நாம் வெளிவிடும் மூச்சில் அது ஏறத்தாழ 4 விழுக்காடு. 3 விழுக்காட்டுக் கரிவளியைச் சுவாசித்தால் மூச்சு வாங்கும், தலை வலிக்கும். இரண்டு நிமிடத்தில் உயிர் போகாது. 10 விழுக்காட்டுக்கு மேல் என்று எழுதியிருந்தால் வசனம் பொருந்தியிருக்கும்.

பெரிய பிழை அடுத்து வருகிறது. கட்டடத்துக்குள் காற்று சுவாசிக்கத் தக்கதாக இருப்பதைக் கருவி காட்டியதும் ஹாலோவே தலைக்கவசத்தைக் கழற்றி விடுகிறார். மற்றவர்களும் அவரைப் பின்பற்றுகிறார்கள். கருவி அளந்தது வளிகளை மட்டுமே. காற்றில் நுண்ணுயிர்கள் உண்டா, நச்சுத் துகள்கள் உண்டா என்பதை அது சொல்லவில்லை. ‘உயிர்வளி போதுமான அளவு உள்ளது’ என்பது வேறு, ‘பாதுகாப்பானது’ என்பது வேறு. ஓர் அளவீடு எந்தக் கேள்விக்கு விடை சொல்கிறது, எந்தக் கேள்விக்குச் சொல்லவில்லை என்று பிரித்துப் பார்ப்பதுதான் ஆய்வாளரின் முதல் திறன்.

இரண்டாம் சறுக்கல்: கரிமக் கணக்கு

இறந்து கிடக்கும் பொறியாளரின் உடலைக் கரிமக் கருவியால் சோதித்து, ‘ஏறத்தாழ 2,000 ஆண்டுகள்’ என்று உடனே சொல்லி விடுகிறார்கள். இது முடியுமா?

பூமியின் மேல்வளிமண்டலத்தில் அண்டக் கதிர்களின் விளைவால் நைட்ரஜன் அணுக்கள் சில கரிமம்-14 ஆக மாறுகின்றன. அதைத் தாவரங்கள் உள்வாங்குகின்றன. தாவரங்களை உண்ணும் உயிர்களுக்கும் அது போய்ச் சேருகிறது. உயிர் இறந்ததும் வரவு நின்று விடும். இருப்பு மட்டும் சிதைந்துகொண்டே போகும். 5,730 ஆண்டுகளில் அது பாதியாகக் குறையும். எஞ்சியிருப்பதை அளந்தால் வயது தெரியும்.

இந்தக் கணக்குக்குத் தொடக்க அளவு தெரிந்திருக்க வேண்டும். பூமியில் மர வளையங்கள் போன்ற சான்றுகளைக் கொண்டு அதைச் சரிபார்த்து வைத்திருக்கிறோம். எல்வி-223-இன் தொடக்க அளவு யாருக்குத் தெரியும்? அந்தப் பொறியாளர் எந்த உலகின் உணவை உண்டு வளர்ந்தவர் என்பதும் தெரியாது. உருகத் தொடங்கும்போது எவ்வளவு உயரம் இருந்தது என்று தெரியாத மெழுகுவர்த்தியைப் பார்த்து, அது எத்தனை மணி நேரம் எரிந்தது என்று சொல்ல முடியுமா?

இதை எப்படித் திருத்தலாம்? கருவியைப் பார்த்த விஞ்ஞானி, “இந்த எண்ணை நம்ப முடியாது. இவர் இறந்து இரண்டாயிரம் ஆண்டுகள் ஆகியிருக்கலாம், இரண்டு நாளும் ஆகியிருக்கலாம்” என்று சொன்னால் போதும். அறிவியலும் சரியாகி விடும். கொன்றது இன்னும் அருகில் இருக்குமோ என்ற அச்சமும் பார்வையாளரைப் பற்றிக்கொள்ளும்.

மூன்றாம் சறுக்கல்: அச்சு அசலான மரபணு

பொறியாளரின் டிஎன்ஏ மனிதனுடைய டிஎன்ஏவோடு அப்படியே பொருந்துவதாகக் கணினித் திரை காட்டுகிறது. எந்த இரு மனிதரை எடுத்துக்கொண்டாலும் டிஎன்ஏ ஏறத்தாழ 99.9 விழுக்காடுதான் ஒத்திருக்கும். மனிதனுக்கும் சிம்பன்சிக்கும் ஏறத்தாழ 99 விழுக்காடு ஒற்றுமை உண்டு. அந்த ஒரு விழுக்காட்டில்தான் இவ்வளவு வேறுபாடும் அடங்கியிருக்கிறது. அப்படியிருக்க, நம்மைவிட மிக உயரமான, வெளிறிய தோல் கொண்ட, முடியே இல்லாத ஒருவரின் டிஎன்ஏ நம்முடையதோடு முழுமையாகப் பொருந்துவது எப்படி?

படத்தின் தொடக்கக் காட்சியில் ஒரு பொறியாளர் அருவியோரம் நின்று கறுப்புத் திரவத்தைக் குடிக்கிறார். அவருடைய உடல் சிதைந்து நீரில் கலக்கிறது. அதிலிருந்து உயிர் தோன்றுவதாகப் படம் உணர்த்துகிறது. பூமியில் உயிர் இப்படித்தான் தொடங்கியது என்றால், மனிதன் மட்டும் அவருடைய வாரிசாக இருக்க முடியாது. வாழைமரமும் கொசுவும் காளானும் வாரிசுகள்தாம். ஏனெனில் பூமியின் உயிர்கள் அனைத்தும் ஒரே மரபணு எழுத்துமுறையைப் பயன்படுத்துகின்றன.

திரையில் ‘எழுத்து ஒன்றே, வாக்கியங்கள் வேறு’ என்ற முடிவு வந்திருந்தால், உறவு உண்டு, ஆனால் மிகத் தொலைவான உறவு என்று பொருள். ‘நம்மைப் படைத்தவரைத் தேடி வந்தோம். அவருக்கோ நாமும் கொசுவும் ஒன்றுதான்’ என்று ஷா உணரும் காட்சி எவ்வளவு கனமாக இருந்திருக்கும்!

நான்காம் சறுக்கல்: தொலைவு

பூமியிலிருந்து 3.27 × 10¹⁴ கிலோமீட்டர் தொலைவில் கப்பல் இருப்பதாகத் தொடக்கத்தில் திரையில் எழுத்து தோன்றுகிறது. ஒளி அத்தொலைவைக் கடக்க ஏறத்தாழ 35 ஆண்டுகள் ஆகும். பின்னர், பயணத்துக்குப் பொறுப்பான விக்கர்ஸ் என்ற பெண்மணி, ‘அரை பில்லியன் மைல்’ வந்திருப்பதாகப் பேசுகிறார். அது ஏறத்தாழ 800 மில்லியன் கிலோமீட்டர். சூரியனிலிருந்து வியாழன் இருக்கும் தொலைவைவிடச் சற்றே அதிகம். ஒளி அதை 45 நிமிடத்தில் கடந்து விடும். இரண்டுக்கும் 4 இலட்சம் மடங்கு வேறுபாடு! கோலாலம்பூரிலிருந்து 200 கிலோமீட்டர் பயணம் செய்து ஈப்போ போய்ச் சேர்ந்தவர், “அரை மீட்டர் வந்திருக்கிறேன்” என்று சொல்வது போன்றது இது. வசனத்தில் ஒரு சொல்லை மாற்றியிருந்தால் போதும்.

முதல் படம் சொல்லித் தந்த பாடம்

விதியை மீறினால் கதை நகரும், மீறாவிட்டால் படமே இல்லையே என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. 1979 படத்தில் இதற்கு விடை இருக்கிறது.

அதில் ஒரு மாலுமியின் முகத்தில் அந்நிய உயிர் ஒட்டிக்கொள்கிறது. அவரைக் கப்பலுக்குள் தூக்கி வர முயல்கிறார்கள். ரிப்ளி என்ற அதிகாரி கதவைத் திறக்க மறுக்கிறார். 24 மணி நேரம் தனிமைப்படுத்த வேண்டும் என்பது விதி. வெளியே நிற்பவர்கள் அவளுடைய நண்பர்கள், கெஞ்சுகிறார்கள். அவள் அசையவில்லை. ஆனால் ஆஷ் என்பவன் கதவைத் திறந்து விடுகிறான். அவன் மனித உருவ இயந்திரம் என்பதும், அந்த உயிரைக் கொண்டுவர நிறுவனம் அவனுக்கு இரகசியக் கட்டளை இட்டிருந்தது என்பதும் பின்னர் தெரிய வருகிறது.

அங்கே விதி மீறப்பட்டதற்குக் காரணம் உண்டு. பார்வையாளர் ரிப்ளியின் பக்கம் நின்று துடிக்கிறார். ‘பிரொமீத்தியஸ்’ படத்திலோ உயிரியலாளரே, சீறி எழும் பாம்பு போன்ற அந்நிய உயிரைத் தடவிக்கொடுக்கக் கை நீட்டுகிறார். சற்று முன்பு ஒரு பிணத்தைக் கண்டு பயந்து ஓடியவரும் அவர்தான்! பார்வையாளருக்கு அவர் மேல் இரக்கம் வரவில்லை, எரிச்சல்தான் வருகிறது.

திருத்தம் படத்துக்குள்ளேயே தயாராக இருந்தது. டேவிட் இருக்கிறான். நிறுவன முதலாளியின் இரகசியக் கட்டளையும் இருக்கிறது. ஹாலோவேயின் பானத்தில் கறுப்புத் திரவத்தைக் கலப்பதும் அவன்தான். விஞ்ஞானிகள் கடைசி வரை கவனமாக, கவசத்தோடு, விதிப்படி நடந்திருக்க வேண்டும். டேவிட் ஒருவனே அந்த வேலியை உள்ளிருந்து உடைத்திருக்க வேண்டும். அதே போல், வரைபடக் கருவிகளை இயக்கியவரே வழி தவறுவதற்கும் படத்தில் வரும் புயலையே காரணமாக்கியிருக்கலாம். அறிவாளிகள் முழுக் கவனத்தோடு இருந்தும் தோற்கும் கதை, அலட்சியத்தால் தோற்கும் கதையைவிடப் பன்மடங்கு பயங்கரமானது.

நிஜ உலகில்

1969-இல் நிலவிலிருந்து திரும்பிய அப்போலோ 11 வீரர்களை யாரும் கட்டித் தழுவி வரவேற்கவில்லை. 21 நாள் தனிமைப்படுத்தினார்கள். அதிபர் நிக்சன்கூடக் கண்ணாடிச் சன்னலுக்கு வெளியே நின்றுதான் அவர்களோடு பேசினார். நிலா மண்ணை எலிகளிடமும் தாவரங்களிடமும் சோதித்தார்கள். தீங்கில்லை என்ற சான்று சேர்ந்த பிறகே, அப்போலோ 15 முதல் அந்த விதியைக் கைவிட்டார்கள்.

நம் நாட்டு நிகழ்வு ஒன்றும் உண்டு. 1998-99-இல் மலேசியப் பன்றிப் பண்ணைகளில் மர்மக் காய்ச்சல் பரவியது. கொசு பரப்பும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று முதலில் கருதிப் புகை அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். நோய் நிற்கவில்லை. மலாயாப் பல்கலைக்கழகத்தில் நோயாளியின் மாதிரியைச் சோதித்தபோது, அதுவரை அறியப்படாத புதிய கிருமி வெளிப்பட்டது. சுங்கை நீப்பா கிராமத்தின் பெயரால் அதற்கு நீப்பா எனப் பெயரிட்டார்கள். அந்த நோய்ப் பரவலில் 100-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். முதல் ஊகத்தோடு நிறுத்திக்கொள்ளாத ஆய்வுதான் உண்மையைக் காட்டியது.

ஆய்வுக்கூட விதிகள் ஒவ்வொன்றுக்கும் பின்னால் இப்படி யாரோ கொடுத்த விலை இருக்கிறது. அடுத்த முறை கண்ணாடியையும் கையுறையையும் அணியும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

முயன்று பாருங்கள்

1. ஒளி ஒரு வினாடியில் 300,000 கிலோமீட்டர் செல்லும். 800 மில்லியன் கிலோமீட்டரைக் கடக்க எத்தனை நிமிடம் ஆகும்? இக்கட்டுரையில் உள்ள விடையைச் சரிபார்க்கவும்.

2. தொடக்கத்தில் இருந்த கரிமம்-14-இல் கால் பங்கு மட்டும் எஞ்சியுள்ள பூமி மரத்துண்டின் வயது என்ன?

3. தலைக்கவசக் காட்சியை 150 சொற்களில் மாற்றி எழுதுங்கள். கவசம் கழற்றப்பட வேண்டும். ஆனால் யாரும் முட்டாளாகத் தெரியக் கூடாது.